ஜீன் வாட்சனோட கேரிங் தியரி நம்ம வார்டுல எங்க இருக்கு? நாலு மெட்டாபாரடைம் கான்செப்டோட எப்படி சேர்க்கிறது?

சர்ஜிக்கல்கவி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச வருஷம் சர்ஜிக்கல் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்துட்டு இப்பதான் எம்எஸ்சி நர்சிங் சேர்ந்திருக்கேன். அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ் பேப்பர்ல எனக்கு வந்திருக்கிற செமினார் டாபிக் ஜீன் வாட்சனோட ஹியூமன் கேரிங் தியரி. 1979ல முதல் புக் வந்துச்சு, பத்து கேரேட்டிவ் ஃபேக்டர் (கேரிங்ல என்னென்ன இருக்கணும்னு அவங்க அடுக்கின பத்து அம்சம்), அப்புறம் அதையே காரிட்டாஸ் பிராசஸ்னு மாத்தினாங்க, மெட்டாபாரடைம்னு சொல்ற நர்சிங்கோட அடிப்படை கான்செப்ட் பர்சன் என்விரான்மென்ட் ஹெல்த் நர்சிங் நாலுக்கும் டெஃபனிஷன், எல்லாம் மனப்பாடமா இருக்கு, எக்ஸாம்ல எழுதினா மார்க் வந்துடும். ஆனா செமினார்ல யாராவது எழுந்து "இதை நீ வார்டுல எப்ப பாத்த, யார்கிட்ட பாத்த"ன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல.

இன்னொரு நர்சிங் தியரிஸ்ட் ஓரெம் சொன்ன தியரி எனக்கு நல்லா புரியுது, நோயாளி தானே என்ன செஞ்சுக்க முடியும், எது முடியாது, முடியாததை நாம செய்யணும், அவ்வளவுதான். ஹெண்டர்சன் சொன்ன நோயாளியோட 14 அடிப்படைத் தேவையும் கேர் பிளான்ல அப்படியே உக்காந்துடுது. வாட்சன்ல மட்டும் டிரான்ஸ்பர்சனல் (நர்ஸும் நோயாளியும் மனசளவுல ஆழமா இணையுறது), ஃபினாமினல் ஃபீல்டு, கேரிங் மொமென்ட்னு படிக்கப் படிக்க நல்லாத்தான் இருக்கு, மூடி வச்சுட்டு யோசிச்சா கையில எதுவும் நிக்க மாட்டேங்குது. அன்பா இரு, கனிவா பேசுன்னு சொல்றதுக்கு ஒரு தியரி எதுக்குன்னு கூட தோணுது, அப்படி தோணுறது தப்பான்னும் தெரியல.

அந்த நாலு கான்செப்டை வாட்சன் எடுத்துக்கிட்ட விதம் மத்தவங்க கிட்ட இருந்து எங்க வேறுபடுது, அதை நம்ம வார்டு உதாரணத்தோட யாராவது சொன்னா ரொம்ப உதவியா இருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடி நோயாளிக்கு வர்ற பயத்தை வச்சு தீசிஸ் பண்ணலாம்னு ஒரு யோசனை, அதுக்கு இந்த தியரி ஃப்ரேம்வொர்க்கா சரி வருமான்னும் சொல்லுங்க.

பழைய_டியூட்டர்:

கவிமா, நீங்க கேட்டது நல்ல கேள்வி, பல பேர் எம்எஸ்சி முடிச்ச அப்புறமும் கேக்காத கேள்வி. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

பர்சன், என்விரான்மென்ட், ஹெல்த், நர்சிங்னு நாலையும் தொகுத்து இதுதான் நர்சிங்கோட மெட்டாபாரடைம்னு நிலைநிறுத்தினவங்க ஜாக்குலின் ஃபாசெட், 1984ல அவங்க எழுதின கட்டுரையைத்தான் எல்லாரும் எடுத்துக் காட்டுவாங்க. அந்த நாலும் வெறும் தலைப்புதான். நோயாளின்னா யாரு, அவரைச் சுத்தி இருக்கிறது என்ன, நல்லா இருக்கார்னு எப்ப சொல்லுவ, இதுல உன் வேலை என்னன்னு நாலு கேள்வி. ஒவ்வொரு தியரிஸ்டும் அந்த நாலுக்கும் சொல்ற பதில்தான் அவங்க தியரி. அதனால வாட்சன் சொன்ன பதிலை அவங்க எங்க இருந்து வந்தாங்கன்றதோட சேர்த்துப் பாருங்க, அப்பதான் பிடிபடும்.

வாட்சன் 1940ல வெஸ்ட் வர்ஜீனியால வெல்ச்ன்ற ஊர்ல பிறந்தவங்க, நிலக்கரிச் சுரங்கப் பக்கம். 1961ல டிப்ளமா நர்சிங் முடிச்சு, கொலராடோ யுனிவர்சிட்டில 1964ல பிஎஸ்சி, 1966ல மனநல நர்சிங்ல எம்எஸ், 1973ல பிஎச்டி. அந்த பிஎச்டி கல்வி உளவியலும் கவுன்சலிங்கும், இதைக் குறிச்சு வச்சுக்கோங்க. கார்ல் ராஜர்ஸ், யாலோம்னு மனநல சிகிச்சையில பேர் பெற்றவங்களைப் படிச்ச ஒரு மனநல நர்ஸ் எழுதின தியரி இது. ஃபினாமினல் ஃபீல்டுன்ற வார்த்தை மேல இருந்து குதிக்கல, ராஜர்ஸ் வழியா கவுன்சலிங்ல ஏற்கனவே புழங்கினதுதான். ஒரு ஆளோட இதுவரைக்குமான வாழ்க்கை, நம்பிக்கை, பயம், அவர் உலகத்தைப் பாக்குற விதம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. உங்க முன்னாடி படுத்திருக்கிறவருக்கும் அது இருக்கு, உங்களுக்கும் இருக்கு.

இப்ப ஹெல்த்தை எடுங்க, ஏன்னா வாட்சன் ரொம்ப விலகி நிக்கிறது அங்கதான். சர்க்கரை நோயில கால் அழுகி முழங்காலுக்குக் கீழ எடுத்த ஒருத்தரை நினைச்சுக்கோங்க, உங்க வார்டுல பாக்காம இருந்திருக்க மாட்டீங்க. சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, புண்ணு ஆறிடுச்சு, தையல் பிரிச்சாச்சு, கேஸ் ஷீட்ல ஃபிட் ஃபார் டிஸ்சார்ஜ்னு எழுதியாச்சு. ஆனா அந்த மனுஷன் டிரெஸ்ஸிங் பண்றப்ப ஒரு தடவை கூட அந்தக் காலைப் பாக்கல, சுவர் பக்கம் திரும்பியே படுத்திருக்கார், மகன் பாக்க வந்தா போர்வையை இழுத்து மூடிக்கிறார். டாக்டர் கணக்குல அவர் தேறிட்டார். வாட்சன் கணக்குல இன்னும் தேறல. உடம்பு, மனசு, ஆன்மா மூணும் இசைவா இருக்கிறதும், நான் யார்னு நினைக்கிறதும் நான் அனுபவிக்கிறதும் ஒண்ணா இருக்கிறதும்தான் அவங்களுக்கு ஹெல்த். நேத்து வரைக்கும் மூட்டை தூக்கினவன் நான்னு அவர் மனசு சொல்லுது, உடம்பு வேற சொல்லுது, அந்த விரிசல்தான் நோவு. இதையே மறுபக்கமா யோசிச்சா, கேன்சர் முத்திப்போன ஒரு அம்மா தன் கணக்கு வழக்கெல்லாம் பேசி முடிச்சு மனசு அமைதியா இருந்தாங்கன்னா, சாகப்போறவங்கன்னாலும் வாட்சன் பார்வையில அவங்க கிட்ட ஆரோக்கியம் இருக்கு.

பர்சன் அதுலயே அடங்கிடுச்சு, உறுப்பு உறுப்பா பிரிச்சுப் பாக்க முடியாத முழு ஆள். என்விரான்மென்ட்னா நைட்டிங்கேல் 1859லயே காத்து, வெளிச்சம், சுத்தம், சத்தம்னு எழுதிட்டாங்க, வாட்சன் எட்டாவது ஃபேக்டர்ல அதோட மனசு, சமூகம், கலாச்சாரம், ஆன்மிகம் எல்லாத்தையும் சேர்க்கிறாங்க. ஸ்க்ரீன் இழுக்காம ஒரு பொண்ணுக்கு கத்தீட்டர் போடுறது எட்டாவது ஃபேக்டர் உடையுற இடம், இதைவிட நேரடியான உதாரணம் வேணாம். பிற்பாட்டு எழுத்துல நர்ஸோட இருப்பே நோயாளிக்கு ஒரு சூழல்ன்ற அளவுக்குப் போறாங்க.

கடைசியா நர்சிங். கேரிங்ன்றது நர்ஸோட குணமோ டெக்னிக்கோ இல்ல, நர்சிங்கோட அறம்னு சொல்றாங்க, அந்த ஆளோட கண்ணியத்தைக் காப்பாத்துறதுதான் அதோட நோக்கம். கேரிங் மொமென்ட்னு தனியா நேரம் ஒதுக்கி எதுவும் செய்யச் சொல்லல. அந்தக் கால் டிரெஸ்ஸிங்கையே எடுங்க. அதே ட்ரே, அதே சலைன், அதே பத்து நிமிஷம். ஒருத்தி ஃபோர்செப்ஸை எடுத்து வேலையை முடிச்சுட்டுப் போயிடலாம். இன்னொருத்தி "ஐயா, இன்னைக்கு நல்லா ஆறியிருக்கு, பாக்குறீங்களா, வேணாம்னா நாளைக்குப் பாக்கலாம்"னு கேட்டு அவர் முகத்தைப் பாத்து நிக்கலாம். எப்படி இருக்கணும்னு தேர்ந்தெடுக்கிற அந்த இடம்தான் வாட்சன் சொல்ற தருணம், அதுல ரெண்டு பேரோட வாழ்க்கையும் கொஞ்சம் மாறும்னு சொல்றாங்க. நோயாளி மட்டும் இல்ல, நீங்களும்.

அன்பா இருன்னு சொல்ல தியரி எதுக்குன்னு கேட்டீங்களே, அதுல தப்பே இல்ல. ஆனா பத்துல ஆறாவது என்னன்னு திரும்பப் பாருங்க, முடிவெடுக்க அறிவியல் முறையில பிரச்சினையை அணுகுறது. கனிவு மட்டும் போதும்னா அதை ஏன் உள்ள வைக்கணும்? இதை செமினார்ல கண்டிப்பா சொல்லுங்க.

நைட்பிரதர்:

மேடம் சொன்னதை ரெண்டு தடவை படிச்சேன். அந்தக் கால் எடுத்தவர் உதாரணம் நெஞ்சுல நின்னுடுச்சு, நான் மறுத்துப் பேச வரல, ஆனா இதை இப்படியே செமினார்ல சொல்லிட்டு உக்காந்தா பாதிதான் சொன்ன மாதிரி ஆகும், அதனால எழுதுறேன்.

நான் அரசு மருத்துவமனை மெடிக்கல் வார்டு. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு என்ன, போதனா மருத்துவமனைல 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனைல 5 பேருக்கு ஒருத்தர், அதுக்கு மேல லீவுக்குன்னு 30 சதவீதம் கூடுதல் ஆள். இதைப் படிக்கிற ஸ்டாஃப் எல்லாரும் அவங்கவங்க வார்டை நினைச்சுப் பாத்துக்கோங்க. கட்டில்ல ஒருத்தர் கீழ பாய்ல ஒருத்தர்னு இருக்கிற நைட்ல, ஒரு பக்கம் ட்ரான்ஸ்ஃபியூஷன் ஓடுது, ஒரு பக்கம் மூச்சு வாங்குற பெரியவர், ஐவி நின்னுபோச்சுன்னு நாலு பேர் கூப்பிடுறாங்க, புது அட்மிஷன் ட்ராலில வந்து நிக்குது, இதுல எந்த இடத்துல நின்னு நான் "பாக்குறீங்களா ஐயா"ன்னு கேப்பேன். கேக்கணும்னு ஆசை இருக்கு, அதுதான் வலி. ஆசையே இல்லாதவனுக்கு இந்த தியரி ஒண்ணும் செய்யாது, ஆசை இருக்கிறவனை இது குத்துது.

இன்னொண்ணு. ஒன்பதாவது ஃபேக்டர் மனுஷத் தேவைகளை நிறைவேத்த உதவுறது. சாப்பாடு, தண்ணி, வெளிக்குப் போறது, மூச்சு, அதுல இருந்துதான் வாட்சன் ஆரம்பிக்கிறாங்க, அப்புறம்தான் மேல மேல போறாங்க. நம்ம ஊர்ல அந்த ஒன்பதாவதை முழுக்க தூக்கி கூட இருக்கிற சொந்தக்காரங்க கையில குடுத்தாச்சு. ஊட்டுறது, துடைக்கிறது, திருப்பிப் படுக்க வைக்கிறது, பெட்பான் வைக்கிறது எல்லாம் சம்சாரமோ மகளோ மருமகளோதான். நமக்கு மிஞ்சினது ஊசி, மருந்து, சார்ட்டு, ரிஜிஸ்டர், ஆன்லைன் என்ட்ரி. ஒரு நோயாளியோட உடம்பைத் தொடுற வேலையெல்லாம் கையை விட்டுப் போன அப்புறம் அந்த ஆளோட மனசைத் தொடுன்னு சொன்னா எந்த வழியா தொடுறது? பெட்ஷீட் மாத்துறப்பதான் மேடம் நோயாளி வாய் திறப்பார், முதுகு துடைக்கிறப்பதான் "பிரதர், எனக்கு நெஜமா என்ன நோவு"ன்னு கேப்பார். எதிர்ல நின்னு கேள்வி கேட்டா எவரும் சொல்ல மாட்டாங்க.

தனியா வர்ற நோயாளி, கூட யாரும் இல்லாதவங்க, அவங்களுக்குத்தான் இந்த தியரி முதல்ல போய்ச் சேரணும். கவி தங்கச்சி, முடிஞ்சா இதையும் செமினார்ல ஒரு வரி பேசுங்க.

ஆன்காலஜி_தேவி:

பிரதர் எழுதினது ஒவ்வொரு வரியும் உண்மை. நான் அமெரிக்காவுல ஆன்காலஜி யூனிட்ல இருக்கேன், அதனால இந்த தியரி பிறந்த ஊர்ல அது எப்படி இருக்குன்னு கொஞ்சம் சொல்றேன்.

இங்க மேக்னட்னு ஒரு அங்கீகாரம் உண்டு, நர்சிங் தரத்துக்காக ஆஸ்பத்திரிகளுக்குக் குடுக்கிறது. அது வாங்கணும்னா எங்க நர்சிங் இந்த முறையில நடக்குதுன்னு ஒரு பிராக்டிஸ் மாடல் காட்டணும், நிறைய ஆஸ்பத்திரிகள் அதுக்கு வாட்சனைத்தான் எடுத்துக்கிறாங்க. அப்படி எடுத்த இடத்துல வேலை பாத்தேன். அங்க சொல்லிக் குடுத்ததுல இன்னைக்கு வரைக்கும் நான் விடாம செய்யிறது ஒண்ணே ஒண்ணு, ரூம் வாசல்ல கைக்கு சானிடைசர் போடுற அந்த சில நொடி. கை எப்படியும் தேய்க்கணும், அந்த நேரத்துல போன ரூம்ல நடந்ததை அங்கயே விட்டுட்டு, உள்ள இருக்கிறவரோட பேரை மனசுல சொல்லிட்டு உள்ள போறது. கூடுதலா ஒரு நிமிஷம் கூட ஆகாது. அதை செஞ்சுட்டு உள்ள போற நாளும் செய்யாம போற நாளும் எனக்கே வித்தியாசம் தெரியுது, முக்கியமா பக்கத்து ரூம்ல இப்பதான் ஒருத்தர் இறந்திருக்கிறப்ப.

ஆனா பிரதர் சொன்ன அந்த மிச்சப் பாதி இங்கயும் இருக்கு. சுவர்ல வாட்சன் போஸ்டர் ஒட்டிட்டு ஆள் குறைச்ச இடங்களும் உண்டு, அதுக்கு தியரியைக் குத்தம் சொல்ல முடியாது, அதைக் கேடயமா பிடிக்கிற நிர்வாகத்தைத்தான் சொல்லணும். கலிஃபோர்னியால நர்ஸுங்க சங்கமா நின்னு போராடி 1999ல சட்டமே வாங்கினாங்க, 2004ல அமலுக்கு வந்துச்சு, இப்ப மெடிக்கல் சர்ஜிக்கல் வார்டுல 5 பேருக்கு ஒரு நர்ஸ், ஐசியுல 2 பேருக்கு ஒருத்தர், அதுக்கு மேல குடுத்தா சட்ட மீறல். நான் இருக்கிற மாநிலத்துல அப்படி சட்டம் இல்ல. என் மனசுல அந்தப் போராட்டமும் கேரிங்தான், நோயாளிக்குப் பாதுகாப்பான சூழலைக் குடுன்னு எட்டாவது ஃபேக்டர் சொல்லுதுல்ல, அந்த சூழல்ல நர்ஸ் எண்ணிக்கை சேராதா என்ன.

கவிக்கு செமினார்ல கை குடுக்கிற ஒரு விஷயம். பட்ரீஷியா லார்சன்னு ஒரு ஆன்காலஜி நர்ஸ், 1984ல கேன்சர் நோயாளிகள் கிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க, நர்ஸ் செய்யிற காரியங்களை சீட்டு சீட்டா எழுதிக் குடுத்து எது உங்களுக்கு ரொம்ப முக்கியம்னு அடுக்கச் சொன்னாங்க. அப்புறம் நர்ஸுங்களையும் அதே மாதிரி அடுக்கச் சொன்னாங்க. நர்ஸுங்க மேல வச்சது காது குடுத்துக் கேக்குறது, தொட்டு ஆறுதல் சொல்றது. நோயாளிங்க மேல வச்சது ஊசி ஐவி ஒழுங்கா போடத் தெரியுறது, மெஷினைக் கையாளத் தெரியுறது, டாக்டரை எப்ப கூப்பிடணும்னு தெரியுறது. யோசிச்சுப் பாத்தா நியாயம்தானே, வெயின் கிடைக்காம நாலு இடத்துல குத்தினவ எவ்வளவு இனிமையா பேசினா என்ன. கீமோ நோயாளிக்கு ஒரே குத்துல கேனுலா போடுறது பெரிய கருணை. ஆறாவது ஃபேக்டரைப் பத்தி டியூட்டர் மேடம் சொன்னதும் இதுவும் ஒரே இடத்துக்குத்தான் வருது.

மனநல_சிஸ்டர்:

ஐந்தாவது ஃபேக்டரைப் பத்தி இதுவரைக்கும் யாரும் சொல்லல, எனக்கு இந்த தியரிலேயே அதுதான் உயிர், அதனால எழுதுறேன். நல்ல உணர்ச்சி கெட்ட உணர்ச்சி ரெண்டையும் வெளிப்படுத்த விடுறது, ஏத்துக்கிறது. எழுத லேசா இருக்கு, செய்யிறது ரொம்ப கஷ்டம்.

நம்ம பக்கம் வழக்கமா நடக்கிறது என்ன, கேன்சர்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும், நோயாளிக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு மகன் வந்து கையைப் பிடிச்சுக் கெஞ்சுவார். நோயாளிக்கும் உள்ளுக்குள்ள தெரிஞ்சுடும், மத்தவங்க முகத்தைப் பாத்தே தெரிஞ்சுக்குவாங்க. தெரியும்ன்றதை அவங்களும் சொல்ல மாட்டாங்க. அந்த அடைச்ச கோபம் எங்க வந்து விழும்னா சாம்பார் சரியில்லன்னு மருமக மேல, ஊசி வலிக்குதுன்னு நர்ஸ் மேல. நாம உடனே "அப்படியெல்லாம் பேசக் கூடாதுப்பா, எல்லாம் சரியாயிடும்"னு சொல்லி வாயை மூடிடுறோம். நல்ல எண்ணத்துலதான் சொல்றோம், ஆனா அந்த ஒரு வார்த்தையில அந்த ஆளைத் தனியா விட்டுட்டுப் போயிடுறோம்.

ரெண்டாவது ஃபேக்டர் நம்பிக்கை ஊட்டுறதுன்னு இருக்கே, அதுக்கு இது முரண் இல்லையான்னு என் ஸ்டூடண்ட்ஸ் கேப்பாங்க. இல்ல. பொழைச்சுடுவீங்கன்னு பொய் சொல்றது நம்பிக்கை இல்ல. வலி வந்தா உடனே மருந்து குடுப்பேன், ராத்திரி கூப்பிட்டா வருவேன், நீங்க கேக்குறதுக்கு மழுப்ப மாட்டேன்னு சொல்லி அதை செஞ்சு காட்டுறதுதான் நம்பிக்கை. பத்தாவது ஃபேக்டர் எக்சிஸ்டென்ஷியல்னு பயமுறுத்துற மாதிரி இருக்கும், அதுவும் இதோட தொடர்ச்சிதான். "நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன், எனக்கு ஏன் இது"ன்னு ஒருத்தர் கேட்டா அதுக்கு நம்ம கிட்ட பதில் கிடையாது, பதில் சொல்ல அவசரப்படாம, விதி கர்மான்னு நம்ம கணக்கை அவர் தலையில ஏத்தாம, அந்தக் கேள்வியைக் கேக்க அவருக்கு இடம் விடுறது. குலசாமி திருநீறு பூசணும்னாலும் பைபிள் தலைமாட்டுல வைக்கணும்னாலும் ஓதித் தண்ணி குடுக்கணும்னாலும் இன்ஃபெக்ஷன் கன்ட்ரோலுக்கு இடிக்காத வரைக்கும் வழிவிடுறதும் அதுல வரும்.

வாட்சன் இதையெல்லாம் புத்தகத்துல மட்டும் பாத்து எழுதிட்டாங்கன்னு நினைக்காதீங்க. 1997ல ஒரு விபத்துல அவங்களுக்கு இடது கண்ணு போச்சு, அடுத்த வருஷம் வீட்டுக்காரர் இறந்துட்டார். 1999ல வந்த அவங்க புத்தகத்தை அதுக்கு அப்புறமா படிச்சா வேற மாதிரி இருக்கும்.

சர்ஜிக்கல்கவி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நான் இவ்வளவு எதிர்பாக்கல. பிரதர் அண்ணா, நீங்க சொன்னதை ஒரு வரி இல்ல, தனியா ஒரு பகுதியாவே பேசப் போறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். பர்சன்னா ஒரு தனி ஆள்னுதான் வாட்சன்ல படிக்கிறோம். ஆனா எங்க வார்டுல கன்சென்ட்டுக்குக் கையெழுத்து நோயாளி போடுவாங்க, முடிவெடுக்கிறது வீட்டுக்காரரோ அண்ணனோதான், பயம் கூட நோயாளியைவிட அம்மாவுக்குத்தான் அதிகமா இருக்கும், ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நான் யாருக்கு நர்ஸ்னு சில நேரம் குழப்பமாயிடும். அப்ப அந்த பர்சன் யாரு? அடுத்தது, தீசிஸுக்கு வாட்சன் வேணாம், ரொம்ப அப்ஸ்ட்ராக்ட், அளக்க முடியாதுன்னு கைடு மேம் சொல்றாங்க, விட்டுடவா?

பழைய_டியூட்டர்:

முதல் கேள்விக்கு மேடலின் லைனிங்கரைப் படிங்க. அவங்க நர்ஸ், அதோட 1965ல மானுடவியல்ல பிஎச்டி வாங்கினவங்க, பாப்புவா நியூ கினியில காட்சப் மக்களோட போய்த் தங்கி ஆய்வு பண்ணவங்க. அவங்க இந்த நாலு கான்செப்ட் ஏற்பாட்டையே ஏத்துக்கல. நர்சிங்னா என்னன்னு விளக்க வந்துட்டு அதுக்குள்ளயே நர்சிங்னு ஒரு கான்செப்ட் வச்சா அது எப்படி விளக்கமாகும்னு கேட்டாங்க. தனி ஆள்ன்றது மேலைநாட்டுப் பார்வை, பல சமூகங்கள்ல குடும்பமும் உறவும் குலமும்தான் முன்னாடி நிக்கும்னு சொன்னாங்க, நீங்க வார்டுல நின்னு குழம்புறது அதேதான். கேர்ன்றதை அந்த நாலுல சேர்க்காம விட்டதையும் கடுமையா விமர்சிச்சாங்க. 1991ல நியூமன், சைம், கோர்கரன்-பெர்ரி மூணு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரையிலயும் ஆரோக்கிய அனுபவத்துல கேரிங்தான் நர்சிங்கோட மையம்னு வாதாடினாங்க. ஆக, இந்த நாலு கான்செப்ட் கல்வெட்டு இல்ல, அதைப் பத்தி சண்டை இன்னும் இருக்கு, செமினார்ல அதை மறைக்காதீங்க. வாட்சனை நம்ம வார்டுக்குக் கொண்டு வர்றப்ப ஃபினாமினல் ஃபீல்டுக்குள்ள அந்த அம்மாவையும் அண்ணனையும் சேர்த்துப் பாருங்க, நோயாளியோட உலகத்துல அவங்க இல்லாம எப்படி. ஆனா ஒண்ணு, ஒரு தடவையாவது சொந்தக்காரங்க இல்லாம நோயாளி கிட்ட தனியா பேசுங்க, முக்கியமா பொண்ணுங்க கிட்ட. எல்லார் முன்னாடியும் சரின்னு தலையாட்டினவங்க தனியா வேற சொல்லுவாங்க.

தீசிஸ் விஷயத்துல கைடு சொல்றதுல நியாயம் இருக்கு, முழுசா இல்ல. பத்து ஃபேக்டரையும் ஒரு படத்துல போட்டு அம்புக்குறி போடுற தீசிஸ் நிறைய பாத்தாச்சு, அதுல தியரி முதல் அத்தியாயத்துல இருக்கும், அப்புறம் காணாம போயிடும். அப்படிப் பண்ணாதீங்க. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கிறிஸ்டன் ஸ்வான்சன் 1991ல வெளியிட்ட மிடில் ரேஞ்ச் தியரியை எடுங்க, அதாவது பெரிய தியரியைவிட குறுகலா, ஆய்வுல நேரா பயன்படுத்தக்கூடிய தியரி. அவங்க வாட்சன்கிட்ட படிச்சவங்க, கரு கலைஞ்ச பெண்கள்கிட்ட பேசிப் பேசி ஆரம்பிச்சு, பச்சைக்குழந்தை ஐசியுல குழந்தைகளைக் கவனிச்சுக்கிறவங்க, கஷ்டத்துல இருக்கிற இளம் தாய்மார்கள்னு மூணு ஆய்வுல இருந்து அஞ்சு கேரிங் செயலை எடுத்தாங்க. அந்த ஆளை அறிஞ்சுக்கிறது, கூட இருக்கிறது, அவருக்காக செய்யிறது, அவரையே செய்ய வைக்கிறது, அவரால முடியும்ன்ற நம்பிக்கையைத் தாங்கிப் பிடிக்கிறது. இந்த அஞ்சும் நர்ஸ் என்ன செஞ்சான்னு எழுதி வைக்கக்கூடிய விஷயம், அளக்கலாம். அவங்களே பிற்பாடு கவுன்சலிங்கை வச்சு சோதனை ஆய்வும் பண்ணியிருக்காங்க.

இல்ல வாட்சன்தான் வேணும்னா பத்துல மூணை மட்டும் எடுங்க, உங்க டாபிக்குக்கு நாலு, அஞ்சு, ஏழு போதும். நம்பிக்கை உறவு, பயத்தைச் சொல்ல விடுறது, கத்துக்குடுக்கிறது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டில் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, முதல்ல நீங்க பேசாம "நாளைக்கு நடக்கப் போறதுல எது உங்களை உறுத்துது"ன்னு கேளுங்க. மயக்க மருந்துல இருந்து எழுந்திரிக்க மாட்டேனோன்னு பயப்படுறவருக்கும், வீட்டுல பிள்ளைங்களுக்கு யார் சமைப்பாங்கன்னு பயப்படுறவருக்கும் ஒரே பேம்ஃப்லெட்டைப் படிச்சுக் காட்டினா அது டீச்சிங்தான், ஏழாவது ஃபேக்டர் ஆகாது. கேட்டுட்டு அதுக்கேத்த மாதிரி சொல்லிக் குடுங்க. பயத்தை அளக்க ஆம்ஸ்டர்டாம் ப்ரீ ஆபரேட்டிவ் ஸ்கேல் இருக்கு, 1996ல வந்தது, ஆறே கேள்வி, நாலு பயத்தைப் பத்தி, ரெண்டு தகவல் எவ்வளவு வேணும்ன்றதைப் பத்தி. வார்டுல நின்னுக்கிட்டே முடிச்சுடலாம். தமிழ்ல மொழிபெயர்த்து, திரும்ப ஆங்கிலத்துல மாத்திப் பாத்து, சின்னதா பைலட் பண்ணிட்டு இறங்குங்க. கைடு கிட்ட இப்படிக் கொண்டு போனா மறுக்க மாட்டாங்க.

நைட்பிரதர்:

தங்கச்சி, தீசிஸ் பண்றப்ப இன்னொண்ணையும் கண்டிப்பா சேர்த்துக்கோ. ஒவ்வொரு நோயாளிக்கும் ஃபார்ம் நிரப்புற அன்னைக்கு அந்த ஷிஃப்டுல வார்டுல எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ் டியூட்டிலன்னு பக்கத்துல ஒரு கட்டம் போட்டு எழுதிடு. சென்சஸ் ரிஜிஸ்டர்லயே இருக்கும், யாரையும் கேக்க வேணாம். அது இல்லாம ஒருவேளை பயம் குறையலன்னு ரிசல்ட் வந்துச்சுன்னா நர்ஸுங்க ஒழுங்கா பேசலன்னுதான் டிஸ்கஷன்ல எழுதுவாங்க. அந்தக் கட்டம் இருந்தா ஏன் பேச முடியலன்றதும் அதே பக்கத்துல இருக்கும்.

சர்ஜிக்கல்கவி:

சேர்த்துட்டேன் அண்ணா. டேட்டா ஷீட்ல நோயாளி வயசு, படிப்பு, இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆயிருக்காங்கற கேள்விக்கு அடுத்த வரியே அதுதான். கூட யாரும் இல்லாம வந்திருக்காங்களான்னும் ஒரு கேள்வி போட்டிருக்கேன். திங்கட்கிழமை கைடு மேம் கிட்ட காட்டப் போறேன், என்ன சொல்றாங்கன்னு இங்கயே வந்து எழுதுறேன்.